பாலுக்கு 7 நாள், கறிக்கு 28 நாள்... சாணத்துக்கு எத்தனை நாள்?

கறவை மாட்டுக்கு மடி வீங்கிவிட்டது. காம்பைத் தொட்டாலே உதைக்கிறது. பால் திரிதிரியாக வருகிறது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார். கிளம்பும்போது, "ஒரு வாரத்துக்கு இந்த மாட்டுப் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஊத்துக்கோட்டையோ பெரியபாளையமோ கும்மிடிப்பூண்டியோ, மாடு வளர்க்கும் வீடுகளுக்கு இது பழக்கமான பேச்சுதான். அதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. உணவு தரும் கால்நடைகளுக்கான மருந்தின் லேபிளில், மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து அதன் பாலையும் முட்டையையும் கறியையும் மனிதர்கள் சாப்பிடலாம் என்று அச்சிட வேண்டும். ஒரு மருந்துக்கெனத் தனிக் கணக்கு இல்லாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள். கோழி, ஆடு, மாட்டுக் கறிக்குக் குறைந்தது 28 நாள். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில் மத்திய அரசு 2012 ஜனவரியில் சேர்த்த விதி இது. இந்த இடைவெளியை 'விலக்கு நாள்கள்' என்று சொல்லலாம்.

நல்ல விதிதான். ஆனால், அந்த ஏழு நாளும் மாடு பால் மட்டுமா தருகிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் பால் பண்ணைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சுமார் 400 கிலோ எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ சாணமும், 15 முதல் 20 லிட்டர் மூத்திரமும் கழிக்கிறது. ஏழு நாளுக்குக் கணக்குப் போட்டால் 100 கிலோவுக்கு மேல் சாணம், 100 லிட்டருக்கு மேல் மூத்திரம். பாலைத் தனியாக எடுத்துக் கொட்டிவிடுகிறோம். சாணம் வழக்கம்போல எருக்குழிக்குப் போகிறது. கொட்டகையைக் கழுவிய தண்ணீர் வழக்கம்போலக் கால்வாயில் இறங்குகிறது. கொட்டிய பாலும் பெரும்பாலும் அதே கால்வாய்க்குத்தான். லேபிளில் உள்ள விலக்கு நாள்கள் இவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஊசி மருந்து எங்கே போகிறது?

கால்நடைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் முழுவதும் அதன் உடம்பிலேயே கரைந்துபோவதில்லை. மருந்தின் வகையைப் பொறுத்து 30 முதல் 90 சதவீதம் வரை அப்படியே, அல்லது இன்னும் வீரியம் உள்ள வேறொரு வடிவத்தில், சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வந்துவிடுகிறது.

ஓர் உதாரணம். என்ரோஃப்ளாக்சசின் என்பது கால்நடைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ஆன்டிபயாடிக். மாட்டின் அல்லது கோழியின் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் மருத்துவர்கள் எழுதித் தரும் அதே 'சிப்ரோ'தான். மாட்டு மருந்து வேறு, மனித மருந்து வேறு என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

வெளியே வந்த பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம். டெட்ராசைக்ளின் வகை மண்ணோடு ஒட்டிக்கொண்டு நாள்பட இருக்கும். சல்ஃபா வகை மண்ணில் அதிகம் ஒட்டாது. மழை பெய்தால் தண்ணீரோடு கிளம்பி ஏரிக்கோ நிலத்தடி நீருக்கோ போய்ச் சேரும்.

கோழிப் பண்ணையில் கணக்கு இன்னும் சிக்கலானது. மாட்டுக்கு ஊசி என்றால் நோய் கண்ட ஒரு மாட்டுக்குத்தான். ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட முடியாது. குடிநீரில் மருந்தைக் கலந்துவிடுவார்கள். பத்துக் கோழிகளுக்கு நோய் என்றாலும் கொட்டகையில் உள்ள அத்தனை கோழிகளும் மருந்து குடிக்கும். நோயே இல்லாதபோதும் கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் உலகம் முழுவதும் பல ஆண்டுகள் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்தது.

பிராய்லர் கோழியின் ஆயுள் ஏறத்தாழ 40 நாள். விதி கேட்கும் இடைவெளியோ 28 நாள். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட மருந்து கொடுத்தால், அந்தக் கோழியை உரிய நாளில் விற்க முடியாது. வளர்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய நெருக்கடி என்பது இதிலிருந்தே புரியும்.

கோழியைப் பிடித்து லாரியில் ஏற்றியதும் கொட்டகையில் மிஞ்சுவது, உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பிய தரையில் 40 நாளாகச் சேர்ந்த எச்சம். அதை அள்ளி எருவாக விற்பார்கள். வயலில் கொட்டும் அந்த எருவோடு, கோழி குடித்த மருந்தின் மிச்சமும் வயலுக்குப் போகிறது.

நான்கு ஏரிகள் இருக்கும் மாவட்டம்

சாணமும் கோழி எருவும் எல்லா ஊரிலும்தானே இருக்கின்றன, திருவள்ளூருக்கு மட்டும் என்ன தனிக்கவலை என்று கேட்கலாம். காரணம், இந்த மாவட்டத்தின் தண்ணீர் இந்த மாவட்டத்தோடு நிற்பதில்லை.

சென்னையைச் சுற்றி நின்று அதற்குக் குடிநீர் தருபவை பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்து ஏரிகள். இவற்றில் செம்பரம்பாக்கம் தவிர நான்கும் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்கு ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியே வந்து சேர்கிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு 2020 நவம்பரில் பயன்பாட்டுக்கு வந்தது.

ஏரிகள் மட்டும் அல்ல. ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் பாயும் சமவெளியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர் பக்கம் உள்ள கிணற்றுத் தொகுதிகளிலிருந்து சென்னைக்காக நிலத்தடி நீரும் பல ஆண்டுகளாக எடுக்கப்படுகிறது. ஆரணி ஆறு பழவேற்காட்டு ஏரியில் போய்ச் சேர்கிறது. அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் ஊர்கள் இருக்கின்றன.

ஆக, ஒரே மண்ணில் கறவை மாடும் கோழிக் கொட்டகையும் நெல் வயலும் சிப்காட் ஆலைகளும் பெருநகரத்தின் குடிநீரும் இருக்கின்றன. ஊத்துக்கோட்டைப் பக்கத்து எருக்குழியில் கரைவதும் பெரம்பூர் வீட்டுக் குழாயில் வருவதும் ஒரே மழைநீரின் இரண்டு முனைகள்.

கொல்லாத அளவுதான் ஆபத்து

இதைப் படித்ததும், குடிக்கும் தண்ணீரில் தினம் தினம் மருந்து சாப்பிடுகிறோமா என்ற பயம் வரலாம். ஆறு, ஏரிகளில் இப்படிச் சேரும் மருந்து மிக மிகச் சிறிய அளவு. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதைவிடவும் குறைவு. ஒரு மாத்திரைக்கு ஈடாக வேண்டும் என்றால் வாழ்நாள் முழுக்கக் குடித்தாலும் போதாது.

பிரச்னை அந்தச் சிறிய அளவில்தான் இருக்கிறது. முழு அளவு மருந்து கிருமியைக் கொன்றுவிடும். சிறிய அளவு கொல்லாது, சீண்டும். சீண்டப்பட்ட கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் எதற்கு அந்த மருந்தைத் தாங்கும் திறன் இருக்கிறதோ அது பிழைத்துப் பெருகும். மற்றவை குறையும். பாக்டீரியா இருபது, முப்பது நிமிடத்தில் இரண்டாகப் பிரியக்கூடியது. ஒரு மழைக்காலத்துக்குள் எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மருந்தைத் தாங்கும் இந்தத் திறனைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொள்ளும். 'பிளாஸ்மிட்' என்ற சின்னஞ்சிறு மரபணு வளையம்தான் அந்தக் கைமாற்று. மாட்டுக் குடலில் இருந்து வந்த ஒன்று, சேற்றில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்கும். அது மனிதனுக்கு நோய் தரும் கிருமிக்குக் கொடுக்கும். சாணம், சேறு, சாக்கடை, ஆலைக்கழிவு எல்லாம் கலக்கும் ஒரு கால்வாய் இதற்கு மிகவும் தோதான இடம்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். போதாத அளவில் மருந்தைக் கொடுத்தால், கிருமிக்கு அந்த மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும் என்றார். அவர் நினைத்தது மருந்தைப் போதிய அளவில் எடுத்துக்கொள்ளாத மனிதர்களை. இன்று அதே பாடம் ஏரிக்கரையில் நடக்கிறது.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஒரு பெரிய சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் அந்த மதிப்பீடு ஏறத்தாழ 3 லட்சம். பிரசவம், சிசேரியன், முழங்கால் அறுவை சிகிச்சை, கீமோதெரபி எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கின்றன.

எச்சரிக்கை மணி அடித்த ஊர்

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளையே செயலிழக்கச் செய்யும் 'என்.டி.எம்.-1' என்ற மரபணு இந்தியாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010-ல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை சொன்னது. அதன் முதன்மை ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த மாதிரிகளும் அந்த ஆய்வில் இருந்தன.

மறு ஆண்டு அது தண்ணீரிலும் தென்பட்டது. டெல்லியில் ஆய்வாளர்கள் எடுத்த 50 குழாய் நீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு இருந்தது. மருத்துவமனைக்குள் மட்டும் இருப்பதாக நினைத்த விஷயம் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

2012-ல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கின. அதை முன்னின்று நடத்தியவர் தொற்றுநோய் நிபுணர் அப்துல் கஃபூர். அவருடைய குழு பின்னர் சென்னையில் காய்கறி, இறைச்சி உள்ளிட்ட 110 உணவு மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 51 மாதிரிகளில், கொலிஸ்டின் என்ற மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இருந்தன. கறியில் இருப்பது ஆச்சர்யமல்ல. காய்கறிக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை. அது விளையும் மண்ணும் பாயும் தண்ணீரும் இடும் எருவும்தான் அதற்குப் பாதை.

கொலிஸ்டின் சாதாரண மருந்தல்ல. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கிவைத்த பழைய மருந்து. வேறு எதுவும் பலிக்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக் கை இதுதான் என்று மருத்துவர்கள் திரும்ப எடுத்தார்கள். அதே மருந்து கோழித் தீவனத்திலும் இருந்தது. 2015 நவம்பரில், கொலிஸ்டினை எதிர்க்கும் திறனைக் கைமாற்றும் 'எம்.சி.ஆர்.-1' மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கண்டுபிடித்தார்கள். 2018 ஜனவரியில், கால்நடைகளுக்காக நூற்றுக்கணக்கான டன் கொலிஸ்டின் இந்தியாவுக்கு வருவதைப் பிரிட்டனின் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு ஒன்று வெளிக்கொண்டுவந்தது.

2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்கான கால்நடைகள், கோழி, மீன், இறால் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றிலும் கொலிஸ்டினுக்குத் தடை விதித்தது. ஆய்வகத்தில் தெரிந்த ஆபத்து அரசாணையாக மாற முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால், அன்று தடையானது ஒரே ஒரு மருந்து. எருக்குழிக்குப் போகும் மற்ற மருந்துகளின் கணக்கு அப்படியே நிற்கிறது.

ஆலைப் பக்கத்துப் பாடம்

கும்மிடிப்பூண்டியில் மாசு என்றாலே கண்முன் வருவது புகைக்கூண்டும் இரும்புத் தூசும்தான். ஆன்டிபயாடிக் விஷயத்தில் தொழிற்பேட்டை என்ன செய்யக்கூடும் என்பதை ஹைதராபாத் அருகே உள்ள பட்டான்செரு காட்டியது.

அங்கே சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. சுத்திகரித்து வெளியேற்றிய தண்ணீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். அதுவும் சுத்திகரித்த பிறகு!

சுத்திகரிப்பு நிலையம் வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அழுக்கையும் நாற்றத்தையும் குறைக்கத்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். கரைந்திருக்கும் மருந்தைத் தேடச் சொல்லி யாரும் அதனிடம் கேட்கவில்லை.

கேட்கும் முயற்சி ஒன்று நடந்தது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. மருந்து ஆலைக் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவு வரை இருக்கலாம் என்று அதில் வரம்பு இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த வரைவு அது. 2021 ஆகஸ்ட்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை.

தமிழ்நாட்டில் காவிரி நீரை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த சென்னை ஐ.ஐ.டி. குழு, வலி மாத்திரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை ஆகியவற்றின் எச்சங்களோடு சிப்ரோஃப்ளாக்சசினும் ஆற்றில் இருப்பதாக 2021-ல் அறிவித்தது. தேடியவர்களுக்குக் கிடைத்தது. வழக்கமான பரிசோதனையில் தேடுவதே இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் நைட்ரேட், ஃப்ளோரைடு, ஈயம், பூச்சிக்கொல்லி, ஈ.கோலை என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

தேடினால் என்ன ஆகும் என்பதற்குப் பாலே உதாரணம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. வரம்புக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். எங்கே எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு அதைக் குறைக்கலாம். சாணத்துக்கும் ஏரி நீருக்கும் அப்படி ஓர் எண்ணே இல்லாதபோது எதைக் குறைப்பது?

பழி யார் மேல்?

மாட்டுக்காரர் மேலும் கோழிப் பண்ணைக்காரர் மேலும் பழியைப் போடுவது சுலபம். அவர்கள் நிலையையும் பார்க்க வேண்டும். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஏழு நாள் பால் போனாலே மாதக் கடைசி இடிக்கும். ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுப்பது. கொட்டகையும் உழைப்பும் மட்டும்தான் பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறவர், தீவன மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் இடத்தில் இல்லை.

அதனால்தான் கணக்கு எழுதும் பொறுப்பு மேலிருந்து வர வேண்டும். நெதர்லாந்தில் சிறு நிலப்பரப்பில் பெரும் கால்நடைக் கூட்டம். அங்கே ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு ஆன்டிபயாடிக் வாங்குகிறது, எந்த மருத்துவர் எவ்வளவு எழுதுகிறார் என்பதைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதிகம் பயன்படுத்தும் பண்ணை தனியாகத் தெரிந்துவிடும். 2009-ல் இருந்து பத்தாண்டுகளில் பண்ணை ஆன்டிபயாடிக் விற்பனை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. கால்நடைத் தொழில் அதனால் மூழ்கிவிடவில்லை.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழிக்கிறது என்று தெரிந்ததும், 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். ஒரு மருந்து மாட்டோடு முடிவதில்லை என்று இந்தியா அன்றே ஒப்புக்கொண்டுவிட்டது. கழுகுக்குச் செய்ததைத் தண்ணீருக்கும் செய்யலாம்.

பண்ணையில் என்ன செய்யலாம்?

* நோய் வராமல் பார்ப்பதே முதல் மருந்து. கறக்கும் முன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். கறந்த பிறகு அரை மணி நேரம் காம்புத் துளை திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தில் படுக்காமல் இருக்கத் தீவனம் போட்டு நிற்கவைத்தால், மடிநோய் வரும் வாய்ப்பு குறையும்.

* மடிநோயின் ஆரம்பத்துக்கு மரபுவழி மருத்துவம் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி குழுவினர் பரவலாக்கிய முறை இது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கரைத்து, ஒரு நாளைக்குப் பத்து முறை என்று ஐந்து நாள் மடி முழுக்கத் தடவ வேண்டும். தேசியப் பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. காய்ச்சல் இருந்தாலோ மாடு தீவனம் எடுக்காவிட்டாலோ மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

* ஊசி போட்ட நாளில் இருந்து விலக்கு நாள்கள் முடியும் வரை அந்த மாட்டின் சாணத்தைத் தனிக் குவியலாக வைக்கலாம். நன்கு சூடேறி மக்கும் குவியலில் டெட்ராசைக்ளின் போன்றவை பெருமளவு சிதைந்துவிடும். சிப்ரோ வகை அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனாலும், பச்சைச் சாணத்தை வயலில் கொட்டுவதைவிட மக்கிய எரு எப்போதும் மேல்.

* எருக்குழியும் கோழி எருக் குவியலும் மழையில் நனையாமல் கூரையோ தார்ப்பாயோ வேண்டும். ஏரி, கால்வாய், கிணற்றை ஒட்டி இருக்கக் கூடாது. 2021-ல் வந்த மத்திய வழிகாட்டுதல், புதிய கோழிப் பண்ணைகள் குடியிருப்புப் பகுதியில் இருந்து 500 மீட்டரும், ஆறு, ஏரி, குடிநீர்க் கிணறுகளில் இருந்து 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. 5,000 கோழிகளுக்கு மேல் வளர்க்கும் பண்ணைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மருந்துக்கு அடங்காத கிருமியும் கொதிநீருக்கு அடங்கிவிடும். கரைந்த மருந்தின் எச்சம் கொதிப்பதால் போகாது என்பது உண்மை. நோயைத் தருவது கிருமிதான், அது செத்துவிடும்.

* கறியை உள்வரை வேகவையுங்கள். பச்சைக் கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம், கொத்தமல்லி நறுக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்களை ஓடும் நீரில் கழுவுங்கள்.

* சளி, காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சளி பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது.

* மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையிலோ வாஷ்பேசினிலோ கொட்டாதீர்கள். மாட்டுக்கு ஏற்பட்ட அதே கதைதான் அங்கேயும்.

கிராம சபையில் ஒரு கேள்வி

தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. பொதுவாகக் குழாய் வரவில்லை, மோட்டார் ஓடவில்லை என்ற பேச்சோடு முடிந்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் அந்த நாளில் இன்னொரு கேள்வியையும் தீர்மானமாக எழுதலாம். எங்கள் ஏரியில் ஆன்டிபயாடிக் எச்சம் எவ்வளவு இருக்கிறது, அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து எங்களுக்குச் சொல்வது யார்?

பதில் உடனே வராது. பாலுக்கும் கறிக்கும் நாள் குறிக்கும் விதிகூட 2012-ல்தான் வந்தது. கொலிஸ்டினுக்கும் யாரோ கேட்டதால்தான் 2019-ல் தடை வந்தது. சென்னையின் நான்கு ஏரிகளைக் காக்கும் மாவட்டம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால், நகரத்துக் குழாயடியில் நிற்பவர்களும் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கும். தண்ணீர் இருவருக்கும் ஒன்றுதான்.